ஸ்ரீநகரின் ஷாலிமார், நிஷாத்: தண்ணீர் போகும் வழியே நடந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

காஷ்மீருக்குப் பேக்கேஜ் டூரில் போகிறவர்களுக்கு மொகலாயத் தோட்டங்கள் அரை நாள் சமாச்சாரம். வண்டி ஷாலிமார் வாசலில் நிற்கும். "அரை மணி நேரத்தில் வந்துவிடுங்கள் சார்" என்பார் டிரைவர். பூக்களுக்கு முன்னால் நாலு போட்டோ, காஷ்மீரி உடை மாட்டிக்கொண்டு இரண்டு போட்டோ, அப்புறம் நிஷாத்தில் இன்னொரு அரை மணி. நானும் முதல் தடவை அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு தோட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று வீட்டில் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் தடவை தனியாகப் போனேன். ஷாலிமாரில் நடு வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தோட்டக்காரர் வந்து, தண்ணீர் கீழ்த்தட்டுக்கு விழும் இடத்தில் அடைத்துக்கொண்டிருந்த சினார் இலைகளை இரண்டு கையாலும் அள்ளிக் கரையில் போட்டார். போட்ட மறு நொடி சத்தம் மாறியது. ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் முழு அகலத்துக்கும் விரிந்து விழுந்தது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். இன்னும் சரியாகவில்லை என்று பட்டிருக்க வேண்டும், மறுபடி குனிந்து இரண்டு இலைகளை எடுத்தார். அதன் பிறகுதான் போனார்.

பூக்களைப் பார்க்கப் போனால் இவை அழகான பூங்காக்கள், அவ்வளவுதான். தண்ணீரைப் பார்க்கப் போனால் கதையே வேறு. மலையிலிருந்து இறங்கும் ஓடையை மடக்கி, தட்டுத் தட்டாக இறக்கி, ஒவ்வொரு தட்டிலும் வேறு மாதிரி ஓடவும் விழவும் துள்ளவும் தேங்கவும் வைத்து, கடைசியில் ஏரியில் விட்ட நானூறு ஆண்டுப் பழைய நீர் வேலை இது. அந்தத் தண்ணீரின் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கான வழிகாட்டியாக இதை எழுதுகிறேன். ஒன்றரை நாள் ஒதுக்குங்கள். அதற்குக் குறைவாகத்தான் ஒதுக்க முடியுமென்றால் ஒரே ஒரு தோட்டத்தை மட்டும் பாருங்கள், நிம்மதியாகப் பாருங்கள்.

முதலில் கொஞ்சம் பின்னணி

அக்பர் காஷ்மீரைப் பிடித்தது 1586இல். அவர் மகன் ஜஹாங்கீருக்கு இந்தப் பள்ளத்தாக்கின் மேல் தீராத பித்து. வெயில் காலம் வந்தால் படை, பரிவாரம், அரசாங்கம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு மலை ஏறிவிடுவார். 1627இல் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில்தான் இறந்தும் போனார். ஷாலிமாரை 1619இல் நூர்ஜஹானுக்காக அவர் அமைக்கத் தொடங்கினார். ஃபரா பக்ஷ் என்று பெயர், மகிழ்ச்சி தருவது என்று பொருள். பிறகு ஷாஜஹான் காலத்தில், 1630 வாக்கில், ஆளுநர் ஜஃபர் கான் மேல்புறமாக விரித்துக் கட்டினார். அந்தப் பகுதிக்கு ஃபைஸ் பக்ஷ் என்று பெயர்.

நிஷாத்தைக் கட்டியது அரசர் இல்லை. நூர்ஜஹானின் அண்ணன் ஆசப் கான், 1633 வாக்கில் கட்டினார். இவர்தான் மும்தாஜ் மஹலின் அப்பா, அதாவது ஷாஜஹானின் மாமனார். இந்த உறவுமுறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு தண்ணீர்த் தகராறு வருகிறது.

மொகலாயத் தோட்டம் என்றால் சார்பாக் என்று படித்திருப்பீர்கள். சதுர நிலத்தை இரண்டு வாய்க்கால்கள் குறுக்கே வெட்டி நான்காகப் பிரிப்பது. பாரசீகத்திலிருந்து வந்த வடிவம், சொர்க்கத்தின் நான்கு நதிகள் என்ற எண்ணத்தோடு சேர்ந்தது. சமதளத்தில் இது சரியாக வரும். தால் ஏரிக்கும் ஜபர்வான் மலைக்கும் நடுவில் இருக்கும் சரிவில் எப்படி வரும்? இங்கே வேலை செய்தவர்கள் சதுரத்தை நீட்டிவிட்டார்கள். மலையடிவாரத்திலிருந்து ஏரியை நோக்கி ஒரே ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் தோட்டம், இடையிடையே தட்டுகள். மலைச் சரிவையே தங்களுக்கு இயந்திரமாக ஆக்கிக்கொண்டார்கள். மேல் தட்டில் இருக்கும் தண்ணீரின் உயரம்தான் கீழ்த் தட்டின் செயற்கை ஊற்றுகளைத் துள்ள வைத்தது. அந்தக் காலத்தில் பம்பு ஏது!

ஷாலிமார், நிஷாத், சஷ்மே ஷாஹி, பரி மஹல், அச்சபல், வெரிநாக் ஆகிய ஆறும் 2010இலிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. கடைசி இரண்டும் ஸ்ரீநகரிலிருந்து தெற்கே அனந்தநாக் பக்கம், அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

முதல் படி: தண்ணீர் இருக்கும் மாதமாகப் பார்த்துக் கிளம்புங்கள்

ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் வரை என் தேர்வு. மேலே பனி உருகும் காலம், ஓடைகள் நிறைந்து வரும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை பக்கத்திலேயே இருக்கும் துலிப் தோட்டத்துக்காக ஊரே கூடும், ஓட்டல் வாடகை எகிறும், ஏரியோரம் போகும் பூலேவார்டு சாலையில் வண்டி நகராது. துலிப்பும் பார்க்க வேண்டும் என்றால் சகித்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் பகலில் நன்றாகவே சூடு இருக்கும். மழை, பனி குறைந்த ஆண்டென்றால் வாய்க்காலில் நீர் இளைத்திருக்கும்.

அக்டோபர் கடைசி வாரமும் நவம்பர் முதல் பாதியும் சினார் சிவக்கும் காலம். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும், அந்த ஐந்து விரல் இலைகள் வாய்க்காலில் மிதந்து வருவதைப் பார்க்க வேறு காலம் கிடையாது. டிசம்பர் 21இலிருந்து நாற்பது நாட்கள் சில்லை கலான் என்னும் கடுங்குளிர். பனி மூடிய ஷாலிமார் அழகுதான், ஆனால் நாம் தேடி வந்த தண்ணீர் உறைந்து கிடக்கும்.

இன்னொன்று: காஷ்மீரில் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சுற்றுலா இடங்களைச் சில சமயம் மூடிவிடுவார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பல இடங்களை மூடி, படிப்படியாகத்தான் திறந்தார்கள். டிக்கெட் போடும் முன்னும், கிளம்பும் முந்தைய வாரமும், தங்கப் போகும் இடத்துக்குப் போன் செய்து நிலவரம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: போய்ச் சேர்வது, தங்குவது

விமானத்தில் என்றால் பெரும்பாலும் டெல்லியில் மாறிப் போக வேண்டும். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் திரும்பும்போது சோதனை மேல் சோதனை இருக்கும், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். ரயிலில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு இப்போது வழி திறந்திருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒரு முறை புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கட்ரா வரை போகிறது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தின் மேல் போகும். மூன்று நாள் பயணம், நேரம் உள்ளவர்கள் ஒரு தடவையாவது செய்து பார்க்கலாம்.

ப்ரீபெய்டு சிம் வெளி மாநிலத்தில் வாங்கியது என்றால் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். இது தெரியாமல் போய்த் திண்டாடுபவர்கள் ஒவ்வொரு விமானத்திலும் நாலு பேர் இருப்பார்கள். குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். ஆதார் மாதிரி ஓர் அடையாள அட்டை எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

தங்குவதற்குப் பெரும்பாலோர் ஏரியின் நகரப் பக்கத்து முனையான டால்கேட்டில் படகு வீட்டைத் தேடுவார்கள். ஒரு இரவு அப்படி இருந்து பாருங்கள், தவறில்லை. ஆனால் தோட்டம்தான் நோக்கம் என்றால் நிஷாத் பக்கம், ஏரியின் கிழக்குக் கரையில், ஒரு வீட்டு விடுதி பிடிப்பது நல்லது. நகர மையமான லால் சௌக்கிலிருந்து நிஷாத் சுமார் 11 கிலோமீட்டர், ஷாலிமார் அதையும் தாண்டி இன்னும் நாலு. காலையில் முதல் ஆளாக உள்ளே நுழைய வேண்டுமென்றால் இந்தத் தூரம் முக்கியம். ஸ்ரீநகர் பெரிய நகரம், நெரிசல் நம் ஊர் நெரிசல்தான்.

ஏப்ரலில் கூடக் காலையில் ஸ்வெட்டர் தேவை, ஊர் 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழுக்காத காலணி போடுங்கள். வாய்க்கால் ஓரக் கல் எப்போதும் ஈரமாக, பாசியோடு இருக்கும்.

மூன்றாம் படி: வந்து சேர்ந்த அன்று மாலை, சிறியதில் தொடங்குங்கள்

சஷ்மே ஷாஹி ரொம்பச் சின்னது, சுமார் ஒரு ஏக்கர். ஷாஜஹான் காலத்தில் கட்டியது. பெரிய தோட்டங்களில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இங்கே தெரியும். மேல் தட்டில் ஒரு மண்டபம், அதற்குள் இயற்கை ஊற்று. அங்கே பிறக்கும் தண்ணீர் மண்டபத்தின் தரை வழியாகவே வந்து, சரிவில் இறங்கி, குளத்தில் சேர்ந்து, ஊற்றுக் குழாயில் எழுந்து, மறுபடி இறங்குகிறது. ஐந்து நிமிடத்தில் முழுக் கணக்கையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன். ஊற்றுத் தண்ணீரை ஊர்க்காரர்கள் கேனில் பிடித்துக்கொண்டு போவார்கள். நீங்களும் ஒரு பாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள், பல் கூசும் குளிர்ச்சி.

அங்கிருந்து மலை மேல் ஏறினால் பரி மஹல். ஷாஜஹானின் மூத்த மகன் தாரா ஷிகோவின் பெயரோடு சேர்ந்த இடம். வளைவு மாடங்களோடு தட்டுத் தட்டாக நிற்கும். மற்ற தோட்டங்களில் உள்ள ஓடையோ அருவியோ இங்கே கிடையாது. பூமிக்கடியில் மண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்து தொட்டிகளில் தேக்கினார்கள். விளிம்பில் நின்றால் தால் ஏரி முழுவதும் காலடியில் கிடக்கும். நாளை நடக்கப் போகும் கரையை மேலிருந்து ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பாதுகாப்புச் சோதனை இருக்கும்.

நான்காம் படி: மறுநாள் காலை, ஷாலிமார்

வாசல் திறக்கும்போது போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பேருந்துகள் வரத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்பேன், அன்று ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு சாப்பாடு கட்டிக்கொண்டு வரும் நாள். கூட்டம் பிடிக்கும் என்றால் ஞாயிறுதான் நல்ல நாள். குழந்தைகள் வாய்க்காலில் விளையாடுவதைப் பார்க்கலாம்.

டிக்கெட் சின்னத் தொகைதான், சில்லறை வைத்திருங்கள். ஆனால் உடனே உள்ளே போகாதீர்கள். வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஏரிப் பக்கம் ஓடும் கால்வாயைப் பாருங்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், சுமார் 11 மீட்டர் அகலம். அரசரும் அரண்மனைப் பெண்களும் ஏரியிலிருந்து இந்தக் கால்வாய் வழியாகப் படகில்தான் வந்து இறங்கினார்கள். அவுரங்கசீப் காலத்தில் இங்கே வந்த பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியர், இந்தக் கால்வாயையும் இரு கரையிலும் நின்ற மரங்களையும் ரசித்து எழுதி வைத்திருக்கிறார். இன்று கரையில் வீடுகள், கடைகள், நிறுத்திய வண்டிகள். தோட்டத்தின் தலைவாசலே இந்த நீர்வழிதான் என்பது வருகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம் இது. சுவருக்குள் இருப்பதை மட்டும் காப்பாற்றினால் தோட்டத்தில் பாதியைக் கைவிட்டதாகும்.

இப்போது உள்ளே போங்கள். தோட்டத்தின் நீளம் 587 மீட்டர், அகலம் 251. நேர்கோட்டில் நடு வாய்க்கால், ஷா நஹர் என்று பெயர். அதன் ஒரு கரையைப் பிடித்து மேலே ஏறுங்கள். தண்ணீர் உங்களை எதிர்த்து வரும். மறு கரை, தண்ணீரோடு திரும்பி வருவதற்கு.

முதலில் வருவது திவானே ஆம், பொதுமக்கள் அரசரைப் பார்த்த மண்டபம். மண்டபத்துக்கு உள்ளே வாய்க்கால் ஓடுகிறது. நீர் விழும் இடத்துக்கு நேர் மேலே ஒரு கறுப்புக் கல் மேடை. அதுதான் அரசரின் ஆசனம். அவருக்குக் கீழே தண்ணீர் புகுந்து முன்னால் கொட்டும். ஓடையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு குறை கேட்ட அரசரை நினைத்துப் பாருங்கள். மனு கொடுக்க வந்தவருக்குத் தண்ணீர் இரைச்சலைத் தாண்டிக் குரல் எழுப்ப வேண்டியிருந்திருக்கும்.

அடுத்த தட்டு திவானே காஸ், முக்கியமானவர்களுக்கு மட்டும். இங்கே இருந்த மண்டபம் அழிந்துவிட்டது. கல் அடித்தளம் மட்டும் மிச்சம். பெரும்பாலோர் நிற்காமல் கடந்துபோவார்கள். நீங்கள் அந்த மேடையில் பத்து நிமிடம் உட்காருங்கள். கட்டடம் இல்லாததால் மேலும் கீழும் பார்வை தடையின்றிப் போகும். வாய்க்கால் கோடு மலையின் மடிப்பில் போய் எப்படி முட்டுகிறது என்பது இங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். தோட்டம் அந்த மலையைக் குறி வைத்துத்தான் நிற்கிறது.

மூன்றாவது, மேல் தட்டு, ஜெனானா. அரண்மனைப் பெண்களின் பகுதி. நுழைவில் இரண்டு சின்னக் காவல் மாடங்கள். உள்ளே நடுக் குளத்தில், சுற்றிலும் ஊற்றுகள் துள்ள, கறுப்புக் கல் மண்டபம் நிற்கிறது. இதற்குப் பாரதரி என்று பெயர், பன்னிரண்டு வாசல் உள்ளது என்று பொருள். தூண்களைத் தொட்டுப் பாருங்கள், நாலு நூற்றாண்டுக்குப் பிறகும் வழவழப்பு போகவில்லை. ஊற்று எல்லாம் ஓடும்போது மண்டபத்தின் நடுவில் நின்றால் நாலு பக்கமும் தண்ணீர்ச் சத்தம்தான், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ரகசியம் பேசத் தோதான இடமாக இருந்திருக்கும்.

இங்கே தேட வேண்டியது சீனி கானா. நீர் விழும் சுவரில் வரிசை வரிசையாகச் சின்ன மாடக்குழிகள் வெட்டியிருப்பார்கள். பகலில் அதில் பூச்சாடிகள் வைப்பார்கள், இரவில் எண்ணெய் விளக்குகள். விளக்குக்கு முன்னால் தண்ணீர்த் திரை விழும். சுடர் அணையாது, தண்ணீர் வழியாக அதன் வெளிச்சம் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். இன்று விளக்கு கிடையாது. குனிந்து ஒரு மாடக்குழிக்குள் கையை விட்டுப் பாருங்கள், நீர் விழும் கோட்டுக்கும் மாடத்துக்கும் நடுவில் எவ்வளவு கணக்காக இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பது தெரியும்.

அப்புறம் மறு கரையைப் பிடித்து இறங்குங்கள். ஏறும்போது கண்ணில் படாத ஒன்று இறங்கும்போது தெரியும்: ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் தண்ணீர் திடீரென்று மறைந்து, கீழே சத்தமாக மட்டும் மிஞ்சும். பக்கத்தில் போன பிறகுதான் மறுபடி பார்வைக்கு வரும். மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். சரிவு மெல்லியது, வயதானவர்களை அழைத்துப் போக நிஷாத்தைவிட இதுதான் வசதி.

லாகூரிலும் ஒரு ஷாலிமார் இருக்கிறது, ஷாஜஹான் 1641இல் தொடங்கியது. பெயர் இங்கிருந்து போனது. அது சமவெளி, 410 ஊற்றுகளுக்கும் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்து மேலேற்ற வேண்டியிருந்தது. இங்கே மலை அந்த வேலையைச் சும்மா செய்துகொடுத்தது.

ஐந்தாம் படி: தலைமடையைப் பார்த்துவிட்டு வாருங்கள்

ஷாலிமாரிலிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர் மேலே ஹார்வன். சுற்றுலா வண்டிகள் அதிகம் வராத இடம். ஷாலிமாருக்கு வரும் ஓடை இந்தப் பக்கத்திலிருந்துதான் இறங்குகிறது. அதற்கும் மேலே டச்சிகாம் காடு. இங்கே உள்ள நீர்த்தேக்கம் ஸ்ரீநகருக்குக் குடிதண்ணீர் தருகிறது. அரசரின் ஊற்றுக்கும் நகரத்தின் குழாய்க்கும் ஒரே மலைதான் தாய்வீடு.

சரிவில் கொஞ்சம் ஏறினால் பழைய பௌத்தத் தலத்தின் அடித்தளங்களைப் பார்க்கலாம். மொகலாயருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்தையது. மனித உருவமும் விலங்கும் பூவும் அச்சிட்ட சுடுமண் ஓடுகளைத் தரையில் பதித்திருந்தார்கள். தோண்டியெடுத்தவற்றில் பல இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மூச்சு வாங்கும், ஆனால் மேலிருந்து பார்த்தால் ஓடை, தோட்டம், ஏரி மூன்றும் ஒரே வரிசையில் கிடப்பது தெரியும்.

மதியச் சாப்பாட்டை இங்கேயோ திரும்பும் வழியிலோ முடித்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் நத்ரு, அதாவது தாமரைத் தண்டு, தயிர்க் குழம்பில் போட்டு யக்னி என்று தருவார்கள், சோற்றுக்கு நன்றாகச் சேரும். ஏரியோரத் தள்ளுவண்டிகளில் அதே தண்டை மாவில் தோய்த்துப் பொரித்து நத்ரு மோஞ்சே என்று விற்பார்கள். சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள், ஆறினால் சவசவ என்று ஆகிவிடும்.

ஆறாம் படி: மூன்று மணிக்கு மேல், நிஷாத்

நிஷாத்தைப் பிற்பகலுக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அது மேற்குப் பார்த்த தோட்டம். ஜபர்வான் மலை முதுகுக்குப் பின்னால், தால் ஏரி கண் முன்னால், ஏரிக்கு அப்பால் ஹரி பர்பத் குன்று, அதற்கும் அப்பால் பீர் பஞ்சால் மலைத்தொடரின் பனி. சூரியன் அந்தப் பக்கம்தான் இறங்கும்.

ஷாலிமார் ஒளித்து வைத்து ஒவ்வொன்றாகக் காட்டும் தோட்டம். அரசவை என்பதால் யார் எதுவரை வரலாம் என்று கோடு போட்டது. நிஷாத் எல்லாவற்றையும் விரித்துப் போட்டிருக்கும். 12 ராசிகளுக்கு 12 தட்டுகள் என்பார்கள். ஏரியோரம் இருந்த அடித்தட்டைப் பூலேவார்டு சாலை துண்டித்துவிட்டது. படகில் வந்து இறங்கி அப்படியே தோட்டத்துக்குள் ஏறிய வழியில் இன்று ஹாரன் அடித்துக்கொண்டு சுமோக்கள் போகின்றன. சாலையைக் கடக்கும்போது கவனம், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

ஏறத் தொடங்குங்கள். நடு வாய்க்கால் சுமார் 4 மீட்டர் அகலம், ஆழம் 20 சென்டிமீட்டர்தான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு! அவ்வளவு கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு எவ்வளவு காட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். தட்டுக்குத் தட்டு தண்ணீர் இறங்கும் இடத்தில் சாய்வாக ஒரு கற்பலகை பதித்திருப்பார்கள். இதற்குச் சாதர் என்று பெயர், போர்வை என்று பொருள். பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகப் பாருங்கள். கல்லில் அலை அலையாகவும் மீன் செதில் போலவும் கொத்தியிருக்கிறார்கள். வழவழப்பான கல்லில் இவ்வளவு மெல்லிய நீர் இறங்கினால் கண்ணாடி மாதிரி சத்தமில்லாமல் வழிந்துபோகும், இருப்பதே தெரியாது. கொத்திய கல்லில் ஒவ்வொரு மேட்டிலும் தட்டுப்பட்டு உடைந்து, நுரைத்து, வெள்ளையாகிறது. ஒவ்வொரு சாதரிலும் கொத்து வேறு, அதனால் சத்தமும் வேறு. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சாதர்களுக்கு நடுவில் நின்று கேட்டுப் பாருங்கள்.

அருவிகளின் தலைப்பில் வாய்க்காலுக்குக் குறுக்கே கல் பெஞ்சுகள் போட்டிருப்பார்கள். காலுக்கடியில் தண்ணீர் ஓட, அதில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கலாம். இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

உச்சித் தட்டு இங்கேயும் ஜெனானா. சுமார் ஐந்தரை மீட்டர் உயரச் சுவர், மாட வளைவுகளோடு தோட்டத்தின் முழு அகலத்துக்கும் நீள்கிறது, இரு முனையிலும் எண்கோணக் கோபுரங்கள். இவ்வளவு தூரம் ஏறி வருகிறவர்கள் குறைவு. படிகள் செங்குத்து, மூட்டு வலி உள்ளவர்கள் பாதியிலேயே ஒரு சினார் நிழலில் தங்கிவிடலாம். ஏரிக் காட்சி அங்கிருந்தும் கிடைக்கும்.

மேலே உட்கார்ந்துகொண்டு அந்தத் தகராறை நினைத்துப் பாருங்கள். கதை இப்படிப் போகிறது: ஷாஜஹான் நிஷாத்துக்கு வந்தார், பார்த்தார், பிரமித்தார். "அடடா, என்ன தோட்டம்" என்று மாமனாரிடம் மூன்று தடவை சொன்னார். அரசர் ஒரு பொருளை அப்படிப் புகழ்ந்தால், "தங்களுக்கே" என்று கொடுத்துவிட வேண்டும். ஆசப் கான் வாயைத் திறக்கவில்லை. கோபம் வந்த அரசர், நிஷாத்துக்குப் போகும் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஷாலிமாருக்கு வரும் அதே நீர்வழிதான் இதற்கும் ஊட்டம். தலைமடைக்காரன் மதகை அடைத்தால் கடைமடை என்ன ஆகும்? ஊற்றுகள் அடங்கின, வாய்க்கால் வறண்டது. மனம் நொந்து மரத்தடியில் படுத்துக் கிடந்த ஆசப் கானைப் பார்க்கப் பொறுக்காமல், அவர் வேலையாள் ஒருவன் உயிரைப் பணயம் வைத்து மடையைத் திறந்துவிட்டான். தண்ணீர் சத்தம் கேட்டு எழுந்த எஜமானர் பதறிப்போய் அடைக்கச் சொன்னார். செய்தி அரசர் காதுக்குப் போனது. அவர் தண்டிக்கவில்லை; அந்த விசுவாசத்துக்காகத் தண்ணீர் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்.

செவிவழிக் கதைதான். ஆனால் வாய்க்கால் பாசனம் தெரிந்த எவருக்கும் இது நம்பக்கூடிய கதை. தண்ணீர் நின்றால் இந்தத் தோட்டத்தில் மிஞ்சுவது கல்லும் புல்லும் மட்டுமே. நீங்கள் போகும் நாளில் ஏதாவது ஒரு தட்டில் ஊற்றுகள் ஓடாமல் இருக்கலாம். பல இடங்களில் புதுப்பிப்பு வேலையும் நடந்துகொண்டிருக்கிறது. வாசலிலேயே "ஃபவாரா சல் ரஹா ஹை?" (ஊற்று ஓடுகிறதா?) என்று கேட்டுவிடுங்கள், எப்போது திறப்பார்கள் என்பதை அங்குள்ள வேலையாட்கள் சொல்வார்கள், அதுவரை காத்திருப்பது வீணாகாது.

இன்னும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. வாய்க்காலில் பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். நான் முதலில் சொன்ன இலை மாதிரி ஒரு சிப்ஸ் பாக்கெட் போதும், ஒரு சாதர் ஊமையாகிவிடும். கொத்திய கல்லின் மேல் ஏறி நின்று போட்டோ எடுக்க வேண்டாம், தேய்மானத்துக்குத் தேய்மானம், வழுக்கி விழுந்தால் எலும்புக்கும் சேதம். உடை வாடகைக்குக் கொடுத்துப் படம் எடுக்கும் போட்டோக்காரர்களிடம், எத்தனை படம், எவ்வளவு ரூபாய் என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நியாயமாகவே நடந்துகொள்வார்கள், ஆனால் பேசாமல் விட்டால் இருபது படம் எடுத்து நீட்டுவார்கள். டிரோன் எடுத்து வராதீர்கள்.

ஏழாம் படி: திரும்புவது படகில்

வண்டியை இங்கேயே அனுப்பிவிடுங்கள், அல்லது டால்கேட்டில் காத்திருக்கச் சொல்லுங்கள். சூரியன் மலையைத் தொடும் முன்னே மேல் தட்டிலிருந்து தண்ணீரோடு இறங்கி, சாலையைக் கடந்து, எதிரே உள்ள படித்துறைக்கு வந்தால் ஷிகாராக்கள் நிற்கும். வாடகையைப் பேசிக்கொண்டு ஏறுங்கள். டால்கேட் வரை துடுப்புப் போட்டுப் போக நல்ல நேரம் எடுக்கும், இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏரியில் கொஞ்ச தூரத்தில் ஊண்ட் கதல் என்னும் ஒட்டக முதுகுப் பழைய கல் பாலம் வரும்.

ஏறியதும் படகுப் போக்கைப் பார்த்து உட்காராதீர்கள், கரையைப் பார்த்துத் திரும்பி உட்காருங்கள். கட்டியவர்கள் இதைப் பார்க்க விரும்பியது ஏரியிலிருந்துதான். நூறு மீட்டர் நகர்ந்ததும் சாலையும் வண்டிகளும் நீர்மட்டத்தோடு சேர்ந்து தணிந்துவிடும். தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக எழுந்து, சினார் மரங்கள் இரு பக்கமும் விலகி, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் மலையிலிருந்து உங்கள் படகை நோக்கி இறங்கி வரும்.